பிள்ளை சிறுத்தால் காசும் சிறுக்கும்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு உன் அம்மா போன் பண்ணினாள். எடுத்ததுமே அழுகை. யாருக்கு என்ன ஆச்சோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விசாரித்தால் விஷயம் இதுதான்: பிளஸ் டூவில் 540 எடுத்த பிள்ளை இன்ஜினியரிங் வேண்டாம், நர்சிங் வேண்டாம், பி.காம் கூட வேண்டாம், ஒண்ணாங் கிளாஸ் டீச்சராகப் போகிறேன் என்று நிற்கிறாளாம். "நீங்க சொன்னாத்தாண்ணே கேப்பா. அந்த வேலையே வேண்டாம்னு எடுத்துச் சொல்லுங்க." யாரிடம் சொல்கிறாள் பார். 35 வருஷம் அந்த வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் அவளுக்கே சீர் செய்து அனுப்பிய அண்ணனிடம். அவளுக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கும் உறுத்தவில்லை. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

சரி, தங்கச்சி சொல்லைத் தட்டக் கூடாது. எடுத்துச் சொல்கிறேன்.

யுனிவர்சிட்டியில் சேர்ந்து தொடக்கக் கல்வி படிக்கப் போகிறேன் என்றாயாம். எந்த யுனிவர்சிட்டி தாயி? நம் மாநிலத்தில் மாட்டுக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீனுக்கு இருக்கிறது, விளையாட்டுக்கும் சட்டத்துக்கும் சங்கீதத்துக்கும் இருக்கிறது. ஆசிரியர் கல்விக்கென்றே ஒன்று 2008இல் வந்தது, பி.எட்., எம்.எட். கல்லூரிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அதன் பிழைப்பு. நம் ஊர்ப் பிள்ளை தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆகிற வழக்கமான பாதை எந்தப் பல்கலைக்கழகத்து வாசல் வழியாகவும் போகாது. பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் பட்டயப் பயிற்சி. பரீட்சை வைப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம், அதாவது உனக்குப் பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்த அதே ஆபீஸ். மீன் குஞ்சு வளர்க்கப் பட்டம் வேண்டும். மனுஷக் குஞ்சுக்குப் பட்டயம் போதும் என்று யாரோ தீர்மானித்து, நாமும் சரி என்று தலையாட்டி, நாலு தலைமுறை ஆகிவிட்டது.

டெல்லி பல்கலைக்கழகத்தில் 1994இலேயே தொடக்கக் கல்விக்கு நாலு வருஷப் பட்டப்படிப்பு ஆரம்பித்தார்கள். அது டெல்லி. இங்கே நடக்கிற கருத்தரங்குகளில் டெல்லியைச் சொல்ல மாட்டார்கள், பின்லாந்தைச் சொல்வார்கள். பின்லாந்து என்ற சொல் இல்லாமல் இந்த நாட்டில் கல்வி பற்றி ஒரு கூட்டம் முடியாது. அங்கே பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் குறைவு என்பதை மைக்கில் சொல்வார்கள். அங்கே ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவருக்கு முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்பதை டீ இடைவேளையில் மெதுவாகச் சொல்வார்கள்.

நீ வாங்கப்போகிற பட்டயம் உன்னை என்ன ஆக்கும் தெரியுமா? இடைநிலை ஆசிரியர். தொடக்கப் பள்ளியில் நிற்கிறவருக்கு எப்படி 'இடைநிலை' வந்தது என்று கேட்காதே. ஒரு காலத்தில் இடைநிலைக் கல்வி முடித்துப் பயிற்சி எடுத்தவர்கள் என்பதால் வந்த பெயர் அது. கண் டாக்டருக்குக் கண் இருக்கிறது, பல் டாக்டருக்குப் பல் இருக்கிறது. உன் பெயரில் மட்டும் பிள்ளை இருக்காது. நீ எவ்வளவு குறைவாகப் படித்தாய் என்பதுதான் இருக்கும்.

பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டால், நிறைய கலர் பேப்பர் இருக்கும். துணைக்கருவி என்று பெயர். தெர்மாகோல் மாம்பழம், தெர்மாகோல் மயில், சார்ட்டில் ஒட்டிய சூரியக் குடும்பம். இதைச் செய்து கொடுப்பதற்கென்றே பயிற்சி நிறுவனத்துக்கு எதிரே கடை இருக்கும். ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுக்கவும் ஆள் உண்டு. மயிலை வாங்கி, கையெழுத்து வாங்கி, மதிப்பெண் வாங்கி, வெளியே வந்தால் ஆசிரியர். 2000களின் நடுவில் இந்த நிறுவனங்கள் எப்படிப் பெருகின என்று உனக்குத் தெரியாது. நீ பிறக்கவே இல்லை. அரிசி ஆலை வைத்திருந்தவர்கள் எல்லாம் தாளாளர் ஆனார்கள். அந்த வியாபாரம் என்ன லட்சணம் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் எழுதியது. தனியாக நடக்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை, பத்தாயிரத்துக்கு மேல், காசுக்குப் பட்டம் விற்பவை என்பதை மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையே எடுத்துப் போட்டிருக்கிறது. விற்றவன் எவன் மேல் என்ன வழக்கு வந்தது என்று நான் கேள்விப்படவில்லை. வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் பரீட்சை மேல் பரீட்சை வந்தது. எங்கள் பக்கத்து ஊரில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தது. இப்போது அது கல்யாண மண்டபம். கரும்பலகை இருந்த சுவரில் மணமேடை. போன வைகாசியில் அங்கே நானும் மொய் எழுதினேன்.

அந்தப் பயிற்சியில் உருப்படியான ஒன்று உண்டு: பள்ளிக்கூடத்துக்கே போய்க் கற்பித்துப் பழகும் நாட்கள். அதையும் என் மாதிரித் தலைமையாசிரியர்கள் கெடுத்தோம். பயிற்சிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் எங்களுக்குப் பண்டிகை. நாலு பேரை நாலு வகுப்பில் தள்ளிவிட்டு நாங்கள் பதிவேடு எழுத உட்கார்ந்துவிடுவோம். ஒரு பிள்ளையின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, இப்படிச் சொல்லாதேம்மா, அப்படிச் சொல்லிப் பார் என்று நான் திருத்திய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பட்டயம் வாங்கியாயிற்று. இனி தகுதித் தேர்வு. டெட் என்பார்கள். தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12. 150 கேள்வி, 90 நிமிஷம். கேள்விக்கு 36 விநாடி. ஆறு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஒரு வகுப்பில் இப்படி ரிசல்ட் வந்திருந்தால் வாத்தியாரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றியிருப்பார்கள். இங்கே கேள்வித்தாள் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; அக்டோபரில் மறுபடி பரீட்சை வைத்து நேரத்தை மூணு மணி ஆக்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முட்டாளாக இருந்தவர்கள் மூணு மணி நேரத்தில் ஆசிரியர் ஆனார்கள்.

அந்தத் தாளில் பியாஜே வருவார். தன் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலில் இருந்து வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்து, குழந்தை எப்படி யோசிக்கிறது என்று எழுதிய மனுஷன். அவருக்கும் 36 விநாடிதான். நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

தேர்வை ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடத்தச் சொல்லி மேலிருந்து வழிகாட்டுதல். இங்கே 2013க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025. ஒலிம்பிக் நடத்துகிறவர்கள் கூட நம்மிடம் நிதானம் கற்கலாம். நடுவில் அந்தச் சான்றிதழுக்கு ஏழு வருஷ ஆயுசு என்று வேறு வைத்திருந்தார்கள், காய்ச்சல் மாத்திரைக்குத் தேதி போடுவதைப் போல. வேலையும் கொடுக்காமல், காலாவதியும் ஆக்குவார்கள். 2021இல்தான் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். அதற்குள் நிறையப் பேருக்குச் சொந்த ஆயுளே பாதி முடிந்திருந்தது.

தேறினாலும் வேலை என்று நினைக்காதே. என் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு. நான் 1983இல் பயிற்சி முடித்தேன், 1988இல் ஆர்டர் வந்தது; ஐந்து வருஷம் மாமா மகன் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தேன். உங்கள் காலத்தில் முன்னேற்றம். முதலில் பிளஸ் டூ மார்க்குக்கு இவ்வளவு, பட்டயத்துக்கு இவ்வளவு, டெட்டுக்கு இவ்வளவு என்று வெயிட்டேஜ் போட்டார்கள். பிளஸ் டூவில் 900 எடுத்தாலே ஊர் கூடி மாலை போட்ட காலத்தில் படித்தவளும், 1,100 வாரி வழங்கிய காலத்தில் படித்தவளும் ஒரே தராசில். பழைய ஆட்கள் அடிபட்டுக் கத்தினார்கள். அப்புறம் 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று 149 எண் அரசாணை. அந்த இன்னொரு தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு எப்போது நடந்தது? 2024 ஜூலை 21. இடம் 2,768. நடுவில் போன பத்து வருஷத்தில் நேரடி நியமனமே இல்லை. 2013இல் தேறிய பெண் அப்போது கைக்குழந்தையோடு பரீட்சை ஹாலுக்கு வந்திருந்தால், அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பையும் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றாம் வகுப்பே கிடைக்கவில்லை.

இனி உனக்கு ஒரு விதி சொல்கிறேன். எந்தக் கல்வியியல் புத்தகத்திலும் இராது, ஆனால் புவியீர்ப்பு மாதிரி மாறாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. பிள்ளை சிறுத்தால் காசு குறையும்.

நம்பிக்கை இல்லையா? 2022இல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பதினேழு வயதுக்காரனுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000. பதின்மூன்று வயதுக்குப் பட்டதாரி ஆசிரியர்: 10,000. ஆறு வயதுக்கு இடைநிலை ஆசிரியர்: 7,500. சத்தம் கிளம்பியதும் 18,000, 15,000, 12,000 என்று ஏற்றினார்கள். ஏணி உயர்ந்தது, படி வரிசை மாறவில்லை. அதே வருஷம் அங்கன்வாடி மையங்களில் நடந்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர் போட்டார்கள். நாலு வயதுக்கு 5,000. இந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே நீட்டிப் பார். தொட்டில் பிள்ளையைப் பேசவும் நடக்கவும் பழக்குகிறவளுக்கு எவ்வளவு வரும்? உன் அம்மாவைக் கேள், சரியான விடையைச் சொல்வாள்.

படிப்புக்குத் தகுந்த சம்பளம் என்று இதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்குக் குறைந்த படிப்பு போதும் என்று முடிவு செய்தது யார் என்று கேட்டால், சம்பளம் குறைவான வேலைக்கு யார் நாலு வருஷம் படிப்பார்கள் என்கிறார்கள். பூனை தன் வாலைத் தானே துரத்துகிற விளையாட்டு. நம் ஊரில் அதற்கு நிதித்துறை என்று பெயர்.

நிரந்தர வேலையே கிடைத்தாலும், நீ பிறந்த தேதியை விட வேலையில் சேர்ந்த தேதிதான் ஜாதகம். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள், ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே சாக்பீஸ். ஒரு ராத்திரிக்கு விலை 3,170 ரூபாய். அந்த வித்தியாசம் மேலே ஏற ஏறக் குட்டி போட்டுக்கொண்டே போகும். சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் சென்னையில் கல்வி வளாகத்தின் தரையில் உட்கார்ந்தார்கள், 2018 மார்கழிக் குளிரில், அப்புறம் 2022 டிசம்பரில், அப்புறம் 2023இல். மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸ் தூக்கிப் போனது. கமிட்டி போட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வந்தது. நான் 8,370 பக்கத்து ஆள், அதற்கும் முந்திய பென்ஷன்காரன். டி.வி.யில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அத்தை அன்றைக்கு அதிரசம் சுட்டிருந்தாள்.

நடுவில் நீதிமன்றங்களும் விளையாட வந்தன. 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம் என்றது. பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுக்கத் தெரிந்தவனுக்கு ஒண்ணு ரெண்டு மூணு எடுக்கத் தெரியாதா என்ற மேட்டிமை. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது: சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனித் தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை நான் ரெண்டு தடவை படித்தேன். நான் செய்தது ஒரு தொழில் என்று நாட்டில் ஒருவர் எழுத்தில் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன், ரிட்டயர் ஆன மூணாம் மாசத்தில். சந்தோஷம் ரெண்டு வருஷம் நின்றது. 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றது. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், 20 வருஷ சர்வீஸ், கல்லூரிக்குப் போகிற மகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து கைடு படிக்கிறார். மகள் அம்மாவுக்குக் கேள்வி கேட்கிறாள். அம்மா முழிக்கிறார். அவர் எழுத்து சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது கோச்சிங் சென்டரில் டெட் வகுப்பு எடுக்கிறார்கள்.

இவ்வளவும் தாண்டி வகுப்புக்குள் நுழைந்துவிட்டாய் என்று வை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர். வகுப்பு ஐந்து. அப்படியானால் ஆளுக்கு இரண்டரை வகுப்பு. அந்த அரை வகுப்பு எது என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்கு எப்போதும் மீட்டிங் இருக்கும். மீதி ஒருவரும் வகுப்பில் இருக்க மாட்டார். வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து டவர் தேடிக்கொண்டிருப்பார். எமிஸில், அதாவது கல்வித்துறையின் ஆன்லைன் பதிவேட்டில், வருகை ஏற்ற வேண்டும். உயரம், எடை, ரத்த வகை, ஆதார், பேங்க் கணக்கு ஏற்ற வேண்டும். பிள்ளை 'அ' எழுதியதா என்பதை விட, பிள்ளை 'அ' எழுதியது என்று நீ ஏற்றினாயா என்பது முக்கியம். பாடம் அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு; கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டும் போகலாம் என்று விதிவிலக்கு. இந்த நாட்டில் இந்த மூன்றும் இல்லாத மாசம் எது என்று எனக்குக் காட்டு.

திட்டங்களும் வரும். நான் இருந்தபோது செயல்வழிக் கற்றல் வந்தது. ஏணி, அட்டை, பாய், தாழ்ந்த கரும்பலகை. நல்ல யோசனை, மெய்யாகவே சொல்கிறேன். பிள்ளை தன் வேகத்தில் போகட்டும் என்றது. ஆனால் அட்டை கிழிந்தால் புது அட்டை வரவில்லை, ஏணியின் பாதிப் படி காணாமல் போனது, ஆய்வுக்கு வருகிறவர் பாய் எத்தனை என்று எண்ணிவிட்டுப் போனார். அப்புறம் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்று அடுத்த திட்டம். அட்டைகளைக் கரையான் தின்று முடித்திருந்தது. கரையானுக்கு மட்டும்தான் அந்தப் பாடம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

நீ கெட்டிக்காரி, மேலே படிப்பாய். பி.ஏ. தமிழ், பி.எட்., எம்.ஏ. அஞ்சல் வழியில் வாங்குவாய். பதவி உயர்வு வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு. அங்கிருந்து தலைமையாசிரியர் நாற்காலிக்கு. ஆள் பிடித்தால் ஒன்றிய ஆபீஸ். ஒவ்வொரு உயர்விலும் பிள்ளை ஒரு அடி தள்ளிப் போகும். பிள்ளையின் முகத்தையே பார்க்க வேண்டாத அறைக்கு வந்து சேர்ந்ததும், கல்வியாளர் என்று மாலை போடுவார்கள். என்னோடு பயிற்சி முடித்த ஒருத்தி 36 வருஷமும் ஒன்றாம் வகுப்பை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். சங்கத்துக்காரர்கள் அவளைப் 'பைத்தியம்' என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

சங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அனுப்பிய விதம் அநியாயம்தான். ஆனால் நாங்கள் எதைச் சொல்லிக் கத்தினோம் தெரியுமா? தரம் இறக்கிவிட்டார்கள் என்று. ஆறு வயதிலிருந்து நாலு வயதுக்குப் போவது தரம் இறங்குவதாம். அரசாங்கத்தின் விதியை எங்கள் வாயாலேயே ஒப்பித்தோம். கோர்ட் வரை போய் ஒப்பித்தோம். எங்களுக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்று தெரிந்ததும் எங்களுக்கு வந்த கோபத்தில் பாதி நிம்மதி.

செப்டம்பர் 5 அன்று உன்னைக் கூப்பிட்டு ரோஜாப்பூ கொடுப்பார்கள். யார் பிறந்தநாள் என்று பார். ராதாகிருஷ்ணன் மேதைதான், சந்தேகம் இல்லை. சென்னை, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என்று தத்துவம் கற்பித்த பேராசிரியர். ஒண்ணாங் கிளாஸ் பையனின் மூக்கைத் துடைத்துவிட்ட ஒருத்தியின் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. மேடையில் மாதா, பிதா, குரு, தெய்வம் என்பார்கள். இந்த வரிசையில் கடைசி ஆளுக்கு உண்டியல் இருக்கிறது. மூன்றாவது ஆளுக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆசிரியர் தின போட்டோவை ஆப்பில் ஏற்றச் சொல்லி மெசேஜ் இருக்கிறது.

தனியார் பள்ளிக்குப் போகலாமே என்பாள் உன் அம்மா. போகலாம். பிள்ளைக்குச் சேர்க்கைக் கட்டணம் ஐம்பதாயிரம் வாங்கும் பள்ளியில் 'மிஸ்'ஸுக்குப் பத்தாயிரத்துக்குள் தருவார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். சாயங்காலம் நாலரைக்கு வீடு வந்து மாவாட்டலாம் என்பதுதான் அந்தப் பொருத்தம். கல்யாணத் தரகர் நோட்டில் 'அரசு ஆசிரியை' என்றால் தனிக் கட்டம், பவுனில் தள்ளுபடி. 'தனியார் பள்ளி' என்றால் 'வீட்டில்தான் இருக்கிறாள்' என்று எழுதிக்கொள்வார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான்தான் சிரிப்பது போல எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் நேராகச் சொன்னால் முதலில் என்னைச் சொல்ல வேண்டும். நீ அப்போது சிறுபிள்ளை. கடையம் பக்கத்து ஊரில் நான் தலைமையாசிரியர். சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனோம். ஒரு திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம், பிள்ளையை அரசுப் பள்ளியில் போடுங்கள், நாங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றேன். அந்த அம்மாள் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஒங்க மவன் எங்க சார் படிச்சான்?" என் மகன், உன் அத்தான், டவுனில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேனில் போய்ப் படித்தவன். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த அம்மாள் மறுநாள் பையனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் இருந்தான். கடன் வாங்கிக் கழித்தல். 32இல் 17 போனால். எல்லோரும் சொல்கிற மாதிரி நானும் சொன்னேன்: ரெண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, ரெண்டு பன்னிரண்டு ஆகிவிடும். வகுப்பு மொத்தமும் ஆமாம் என்றது. இவன் மட்டும் எழுந்து, "ஒண்ணுதான வாங்குனோம், எப்படி சார் பத்தாச்சு?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான்: "எங்க வீட்லயும் அப்படித்தான் சார். ஒண்ணு வாங்குனா பத்தாயிருது." வெள்ளிக்கிழமை தோறும் வசூலுக்கு வருகிறவன் திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவனுக்குக் கடன் என்றால் என்ன என்று என்னை விட நன்றாகத் தெரியும்.

என்ன சொல்லிப் புரியவைப்பாய்? பத்தாம் இடம், ஒன்றாம் இடம் என்று கத்தினால் ஆகாது. அன்று சாயங்காலம் தென்னை ஈர்க்கு சீவி, ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டேன். மூணு கட்டு, ரெண்டு உதிரி. இதிலிருந்து 17 குச்சி எடுத்து எனக்குக் கொடு என்றேன். முதல் நாள் கட்டை அவிழ்க்க மாட்டேன் என்றான். உங்க கட்டு சார், பிரிக்கக் கூடாது என்றான். இரண்டாம் நாள் முழுக் கட்டையே கொடுத்துவிட்டு மீதி ஏழுக்கு முழித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலில் கடினமான பகுதி. எந்த ரெக்கார்டு நோட்டிலும் அதை எழுத முடியாது. பதினோராவது நாள், ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்தான். கட்டு சிதறியது. குனிந்து எண்ணினான். நிமிர்ந்தான். "கடன் இல்ல சார். நம்ம கட்டுதான். நாமதான் பிரிக்கோம்" என்றான்.

அந்தப் பதினோரு நாளை எமிஸில் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? நாலு விடையில் எதைக் கறுப்பாக்குவது? அதற்கு என்ன வெயிட்டேஜ்? 2009 மே 31க்கு முன்னால் பிரிந்த கட்டுக்கு ஒரு விலை, பின்னால் பிரிந்த கட்டுக்கு ஒரு விலையா?

உன் அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அந்த வேலை வேண்டாம். இந்த நாடு அந்த வேலைக்கு லாயக்கில்லை. விண்ணப்பம் ஆன்லைனில் வந்ததும் உன் அப்பா கண்ணில் படாமல் எனக்கு ஒரு போன் அடி. கட்டணத்தை நான் கட்டுகிறேன். பரணில் மஞ்சள் பையில் அந்த ஈர்க்குச்சிக் கட்டுகள் இருக்கின்றன, வரும்போது எடுத்துக்கொள். பத்துக் கட்டு இருந்தது. நேற்று எண்ணிப் பார்த்தால் மொத்தம் 97 குச்சிதான். மூன்றை உன் அத்தை பல் குத்த எடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா